ஜவ்வாது மலைக்கு 8,000 ரூபாயில் ஒரு குடும்பப் பயணம்: எங்கே மிச்சம் பிடிக்கணும், எங்கே பிடிக்கக் கூடாது?



"குடும்பத்தோட ரெண்டு நாள் எங்கேயாவது போகணும், பட்ஜெட் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது, எந்த ஊர் போகலாம்?" இந்தக் கேள்விக்கு வீடியோவில் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். கணக்கு, வரி, நில விஷயம் எல்லாம் சேர்த்து விரிவாகச் சொல்ல இந்தப் பாடம்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பெரிய மலைகளில் இடம் இல்லை என்றால் கூட்டம் சின்ன மலைகளைத் தேடும். ஏலகிரி ஏற்கெனவே அந்த வழியில் ரொம்ப தூரம் போய்விட்டது. அடுத்து பக்கத்திலேயே இருக்கும் ஜவ்வாது மலை. இன்னும் முழுசா மாறவில்லை, ஆனால் ரிசார்ட், டென்ட் கேம்ப், "பண்ணை வீடு விற்பனைக்கு" போர்டு எல்லாம் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டன.

இந்த மாதிரி மாறிக்கொண்டிருக்கும் ஊருக்குக் குறைந்த செலவில் போய் வருவது எப்படி? அதைவிட முக்கியமாக, நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பதில் மாறும். அது எந்த இடம் என்று கடைசிக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மலையைப் பற்றி ரெண்டு நிமிஷம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. மையமான ஊர் ஜமுனாமரத்தூர். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்காதீங்க, இவர்கள் தமிழ் பேசும் மக்கள். சாமை, தேன், புளி, பலா, சீத்தாப்பழம் இவைதான் மலையின் விளைச்சல். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர் போன மலை இது.

பார்க்க என்ன இருக்கு? பீமன் அருவி, ஜமுனாமரத்தூரில் படகுத்துறை, சில இடங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகள். வேலூர் பக்கம் வந்தால் அமிர்தி, போளூர் பக்கம் அடிவாரத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயில். ஆலங்காயம் சாலையில் காவலூர் வைணு பாப்பு வானோக்கு நிலையம். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-இல் தெரியவந்ததே, அதில் காவலூருக்கும் பங்கு உண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தவறவிடாதீங்க. ஆனால் எல்லா நாளும் உள்ளே விட மாட்டார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் நாள், நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்க.

எதிர்பார்ப்பையும் சரியாக வையுங்க. காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான். ஊட்டிக் குளிர் கிடைக்காது. அருவியும் மழையை நம்பித்தான். கடும் கோடையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். மழை முடிந்த மாதங்களில்தான் மலை பச்சையாக இருக்கும்.

இரண்டு குடும்பம், இரண்டு பில்

சென்னையிலிருந்து அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். இரண்டு நாள், ஒரு இரவு. கீழே உள்ள தொகைகள் கணக்குப் போட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர், நாள், சீசன் பொறுத்து மாறும். முறையை மட்டும் எடுத்துக்கோங்க.

முதல் குடும்பம்:
- வாடகை கார், சுமார் 500 கி.மீ., டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து: ரூ. 8,500
- ரிசார்ட் அறை 4,000 + 5% ஜிஎஸ்டி 200: ரூ. 4,200
- ரிசார்ட்டிலேயே சாப்பாடு: ரூ. 3,600
- கேம்ப் ஃபயர், படகு, இதர "பேக்கேஜ்": ரூ. 1,500
- மலைப் பொருள் வாங்கியது: ரூ. 500
- மொத்தம்: ரூ. 18,300

இரண்டாவது குடும்பம்:
- ஜோலார்பேட்டை வரை ரயில், போக வர 4 பேருக்கு: ரூ. 900
- அங்கிருந்து பஸ், போக வர: ரூ. 500
- மலையில் சுற்ற உள்ளூர் வாடகை வண்டி: ரூ. 1,500
- உள்ளூர்க்காரர் நடத்தும் எளிய அறை, நேரடி புக்கிங்: ரூ. 1,500
- மெஸ், டீக்கடை, வீட்டுச் சாப்பாடு: ரூ. 1,800
- படகு: ரூ. 300
- சாமை, தேன், புளி: ரூ. 1,500
- மொத்தம்: ரூ. 8,000

வித்தியாசம் 10,300 ரூபாய். இதுவரைக்கும் எல்லா டிராவல் வீடியோவிலும் சொல்வதுதான். இப்போ ஒரு ஆடிட்டர் பார்க்கிற மாதிரி பார்ப்போம். இந்தப் பணத்தில் மலைக்காரர் கைக்கு நேரடியாகப் போவது எவ்வளவு?

இரண்டாவது பில்லில் வண்டி 1,500, அறை 1,500, சாப்பாடு 1,800, பொருள் 1,500. மொத்தம் 6,300. அதாவது 8,000-இல் கிட்டத்தட்ட 79%.

முதல் பில்லில் நேரடியாகப் போனது அந்த 500 மட்டும்தான். 3 சதவீதம்கூட இல்லை. ரிசார்ட்டில் மலைக்காரர்கள் வேலை செய்தால் அவர்கள் சம்பளம் இதில் சேரும், அதை மறுக்கவில்லை. ஆனாலும் காருக்குக் கொடுத்த 8,500 சென்னையிலேயே தங்கிவிட்டது. அறை வாடகையின் லாபம் முதலாளி எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குப் போய்விட்டது.

பாதிக்கும் குறைவாகச் செலவு செய்த குடும்பம், மலையில் விட்டுவிட்டு வந்த பணம் 12 மடங்குக்கும் மேல்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள்

*1. போக்குவரத்து.* பட்ஜெட்டில் பெரிய ஓட்டை இதுதான். முதல் பில்லில் 46% கார் மட்டுமே. சென்னைக்காரர்கள் ரயிலில் ஜோலார்பேட்டை வந்து, திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக்காரர்களுக்குப் போளூர் வசதி. காட்பாடி - விழுப்புரம் ரயில் பாதையில் போளூர் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து மலைக்குப் பஸ் உண்டு. மலைப் பஸ் அடிக்கடி கிடையாது. இறங்கின உடனே கண்டக்டரிடம் "கடைசி பஸ் எத்தனை மணிக்குண்ணா?" என்று கேட்டு வைச்சுக்கோங்க. அதைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் தனி வண்டி வாடகைக்குப் போயிடும்.

*2. நாள்.* சனி, ஞாயிறைத் தவிர்த்தாலே அறை வாடகை பேசும் இடத்துக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். கோடை விழா நடக்கும் நாட்களில் ஜமுனாமரத்தூரில் கூட்டம் இருக்கும். பௌர்ணமி அன்று திருவண்ணாமலை வழியாகப் போகாதீங்க. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

*3. அறை புக்கிங்.* இதில்தான் பலருக்கும் தெரியாத ஒரு வரி விஷயம் இருக்கு. கவனமாப் படிங்க.

ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%. அதற்கு முன் 12% இருந்தது. ஆனால் சின்ன அளவில் அறை வாடகைக்கு விடுபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கவும் முடியாது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் "ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா" என்று யாராவது சொன்னால், "எண் குடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்க.

அதே அறையை ஆப் வழியாகப் போட்டால் கதை வேறு. ஓனர் பதிவு செய்யத் தேவையில்லாத சின்ன ஆளாக இருந்தாலும், ஜிஎஸ்டி சட்டம் 9(5) பிரிவின்படி அந்த வரியைக் கட்டும் பொறுப்பு ஆப் நிறுவனத்துக்கு வருகிறது. ஆப் அதை உங்களிடம்தான் வசூலிக்கும். அதற்கு மேல் ஓனரிடமிருந்து கமிஷனும் எடுக்கும்.

கணக்காகப் பார்த்தால்: அறை 1,500. ஆப்பில் நீங்கள் கொடுப்பது 1,575. கமிஷன் 20% என்று வைத்துக்கொண்டால் ஓனருக்குக் கிடைப்பது 1,200. அவருக்கு நேரடியாக போன் பண்ணி 1,400-க்குப் பேசினால் உங்களுக்கு 175 மிச்சம், அவருக்கு 200 கூடுதல். இரண்டு பேருக்கும் லாபம், சட்டப்படியும் சரி. இந்த மாதிரி பேரம் நல்ல பேரம்.

நேரடி புக்கிங்கில் ஒரு ரிஸ்க் உண்டு. ஆப் கொடுக்கும் கேன்சலேஷன் பாதுகாப்பு இருக்காது. அதனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீங்க. சின்ன அட்வான்ஸ் மட்டும் யூபிஐ-யில் அனுப்பி, தேதி, வாடகை, எத்தனை பேர் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைச்சுக்கோங்க. மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது, கொஞ்சம் ரொக்கமும் கையில் வேணும்.

*4. எல்.டி.ஏ.* சம்பளத்தில் விடுப்புப் பயணப் படி வாங்குபவர்கள், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்கள் மட்டும் இதைப் படிங்க. விலக்கு கிடைப்பது பயணக் கட்டணத்துக்குத்தான். அறை, சாப்பாடு, படகு எதுக்கும் கிடையாது. நான்கு ஆண்டுத் தொகுப்பில் இரண்டு பயணம் (2022 - 2025 முடிந்தது, அடுத்தது 2026 - 2029). இவ்வளவு சின்னப் பயணத்துக்கு அந்த இரண்டு வாய்ப்பில் ஒன்றைச் செலவழிப்பது பெரும்பாலும் வீண். டெல்லி, அந்தமான் மாதிரி பெரிய டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்க.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

இப்போ ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரே ஒரு இடம். ரோட்டோரம் தேனும் சாமையும் விற்கும் அம்மாவிடம் பேரம் பேசுவது.

18,300 ரூபாய் பில் கட்டிய குடும்பம், தேன் பாட்டிலில் 50 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நின்று பேசும். அந்த 50 ரூபாய் அவர்கள் செலவில் 0.3 சதவீதம்கூட இல்லை. ஆனால் விற்கிறவருக்கு? அன்றைய லாபத்தில் பெரிய துண்டே அதுதான்.

சாமை விலை ஏன் அரிசியைவிட அதிகம் என்று கேட்பவர்கள் உண்டு. அது கடுகு மாதிரி சின்ன தானியம். மேல் உமியை நீக்குவது நெல்லைவிடக் கஷ்டம், உமி போனதும் எடையும் குறையும். மழையை மட்டும் நம்பி விளைவது. இவ்வளவு வேலைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. விலையில் சந்தேகம் இருந்தால் ஜமுனாமரத்தூரில் பழங்குடி மக்களின் லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. அங்கே விலை கேட்டுப் பாருங்க, அதையே அளவுகோலா வைச்சுக்கோங்க.

இதை தர்மம் என்று நினைக்காதீங்க. மலையில் சம்பாதிக்க வழி இல்லாவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? மலையை விட்டு இறங்குவார்கள். கட்டட வேலைக்கும் வெளி மாநிலத் தோட்ட வேலைக்கும் போவார்கள். சிலரை ஏஜென்டுகள் செம்மரம் வெட்டக் கூட்டிப் போவார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் இறந்தார்களே, அதில் இந்த ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரு பாட்டில் தேன் அதைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரிலேயே உட்கார்ந்து சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அங்கே தனி மதிப்பு இருக்கு. சிக்கனம் வேற, பேரம் வேற. இரண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

ஊர் முழுக்க கமர்ஷியல் ஆனா என்ன ஆகும்?

சீனாவில் ஹூனான் மாகாணத்தில் ஃபெங்குவாங் என்று ஓர் ஆற்றங்கரைப் பழைய ஊர். ஆற்றுக்கு மேல் தூண் ஊன்றிக் கட்டிய மர வீடுகள், அவ்வளவு அழகு. கையில் காசு குறைவாக இருந்தாலும் சுற்றிவிட்டு வரக்கூடிய ஊர் என்று இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2013 ஏப்ரல் 10 முதல் ஊருக்குள் நுழையவே 148 யுவான் டிக்கெட் என்று அறிவித்தார்கள். முதலில் கோபப்பட்டது உள்ளூர்க் கடைக்காரர்கள். குறைந்த செலவில் வரும் ஆட்கள்தானே அவர்களிடம் நூடுல்ஸ் சாப்பிட்டு, சின்ன அறையில் தங்கி, ஏதாவது வாங்கிப் போவார்கள்? டிக்கெட் பணம் அவர்கள் கைக்கு வராது, ஆனால் வாடிக்கையாளர் போய்விடுவார். கடையை அடைத்துப் போராடினார்கள். மூன்று வருஷம் கழித்து, 2016 ஏப்ரலில் அந்த நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? பட்ஜெட் பயணி என்றால் ஊருக்குப் பாரம் என்று நினைக்கிறோம். அது எப்போதும் உண்மை இல்லை. சின்னக் கடையின் வாடிக்கையாளர் அவர்தான். பெரிய பேக்கேஜில் வருபவர் கேட்டுக்குள் நுழைந்து, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே தூங்கி, கேட்டைத் தாண்டாமல் திரும்பிவிடுவார்.

ஜவ்வாது மலையில் இன்னொரு விஷயமும் இருக்கு. காவலூரில் வானோக்கு நிலையம் இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று அங்குள்ள இருட்டு. மலை முழுக்க ஃபோகஸ் லைட்டும் டிஜேயும் வந்துவிட்டால் நட்சத்திரம் மங்கிப்போகும். விஞ்ஞானிகளுக்கும் நஷ்டம், நட்சத்திரம் பார்க்க வரும் உங்கள் பிள்ளைக்கும் நஷ்டம். இருட்டும் அமைதியும்தான் அந்த ஊரின் முதலீடு. முதலைத் தின்று வாழ்பவன் எத்தனை நாள் வாழ முடியும்?

"சார், அங்கே ஒரு ஏக்கர் வாங்கிப் போடலாமா?"

மலைக்குப் போய்வந்த அடுத்த வாரம் பலருக்கு வரும் ஆசை இது. டீக்கடையில் ஒருவர், "விலை ஏறப்போகுது, இப்பவே டோக்கன் போடுங்க" என்பார். போடாதீங்க. மூன்று காரணம்.

ஒன்று, 2006 வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடி மக்களுக்குக் கொடுக்கும் நில உரிமை வாரிசுக்குப் போகும், ஆனால் விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. சட்டத்தின் 4(4) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த நிலத்துக்கு "அக்ரிமென்ட் போட்டுக்கலாம், பவர் வாங்கிக்கலாம்" என்று யார் சொன்னாலும் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது.

இரண்டு, அரசு ஒப்படை செய்த நிலங்களில் நிபந்தனை இருக்கும். நிபந்தனையை மீறினால் ஒப்படையையே ரத்து செய்யலாம். பட்டா என்று ஒரு பேப்பரைக் காட்டினால் போதாது. அது என்ன வகைப் பட்டா, மூல ஆவணத்தில் என்ன எழுதியிருக்கு என்று வக்கீலை வைத்துப் பார்க்கணும்.

மூன்று, சட்டம் எல்லாம் சரியாகவே இருந்தாலும், வருஷத்தில் நான்கு நாள் தங்குவதற்காக ஒரு பண்ணை வீடு என்பது முதலீடு இல்லை, செலவு. வேலி, காவலுக்கு ஆள், பராமரிப்பு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். அந்த நான்கு நாளும் 1,500 ரூபாய் அறையில் தங்கினால் வருஷத்துக்கு 6,000 ரூபாயோடு முடிந்தது.

சுருக்கம்

- முதலில் போக்குவரத்தைக் குறையுங்க. பெரிய மிச்சம் அங்கேதான்.
- வார நாளில் போங்க. அருவி வேண்டும் என்றால் மழை முடிந்த பிறகு.
- அறையை நேரடியாகப் பேசுங்க. ஜிஎஸ்டி கேட்டால் எண் கேளுங்க.
- சாப்பாடு, வண்டி, வழிகாட்டி எல்லாம் உள்ளூர்க்காரர்களாகப் பாருங்க.
- தேன், சாமை, புளியில் பேரம் வேண்டாம். விலை தெரியணும்னா கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்க.
- குப்பையைக் கையோடு கீழே கொண்டு வாங்க. இரவில் சத்தமும் விளக்கும் குறைவாக இருக்கட்டும்.
- நிலத்துக்கு டோக்கன் போடாதீங்க.

இந்த வாரப் பயிற்சி

கடைசியாக நீங்கள் போன சுற்றுலாவின் செலவை ஒரு நோட்டில் எழுதுங்க. யூபிஐ ஹிஸ்டரியைப் பார்த்தால் பாதி கிடைத்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஊருக்குள்" அல்லது "ஊருக்கு வெளியே" என்று குறியுங்க. ஊருக்குள் போனது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுங்க. பெரும்பாலும் அந்த எண் உங்களை ஆச்சரியப்படுத்தும். அதே நோட்டில் அடுத்த பயணத்துக்கான பட்ஜெட்டையும் அப்படியே இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்க. வெளியே போகும் பத்தியில் கையை வையுங்க, உள்ளே போகும் பத்தியைத் தொடாதீங்க. மொத்தம் தானாகக் குறையும்.

உங்களுக்கு வந்த சதவீதத்தைக் கமென்ட்டில் போடுங்க. நல்ல கணக்குகளை அடுத்த வீடியோவில் எடுத்துப் பேசுவோம்.